புதிய எழுத்தாளரை எங்கே தேடுவது: கண்காட்சியா, இதழா, நூலகமா, விருதுப் பட்டியலா, கிண்டிலா?

என் சித்தி மகன் கோவையில் வேலை பார்க்கிறான். புத்தகத்துக்கென்று மாதம் 600 ரூபாய் எடுத்து வைப்பவன். ஜூலையில் ஒரு புத்தகத் திருவிழாவுக்குப் போய் நாலு மாதக் காசை ஒரே நாளில் செலவழித்துவிட்டு, இரவு போன் பண்ணினான். "எட்டுப் புத்தகம் வாங்கினேன் அண்ணா, வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏழு பேர் நான் ஏற்கெனவே படித்த எழுத்தாளர்கள்தான். புதிதாக எழுதுகிறவர்களை எங்கேதான் பிடிப்பது? கிண்டில் வாங்கிவிடட்டுமா, இல்லை ஜனவரியில் சென்னைக்கே வந்துவிடட்டுமா?" என்றான். இதே கேள்வியை அலுவலகத்தில் இரண்டு பேரும், துபாயிலிருந்து ஒரு பழைய நண்பரும் கேட்டிருக்கிறார்கள். போனில் சொன்ன பதிலில் பாதி விட்டுப்போனது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை, கவிதை, நாவலுக்கும், வரலாறு, அறிவியல், சூழலியல் மாதிரியான கட்டுரை நூல்களுக்கும் ஒரே வழியில் தேடுவதால்தான் பலருக்குக் காசும் போய் ஆர்வமும் போகிறது. கதை எழுதுகிறவரின் கை எப்படிப்பட்டது என்று பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும். அந்தப் பத்துப் பக்கம் எங்கே சுலபமாகக் கிடைக்கிறதோ அங்கே அவரைத் தேட வேண்டும். ஆய்வு நூலைப் பத்துப் பக்கத்தில் எடை போட முடியாது, நல்ல நடை இருந்தாலே நம்பிவிடுவோம். அதைக் கையில் வைத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அப்படியானால் தேடும் இடமும் வேறாகத்தானே இருக்கும்?

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

வாங்குவதற்கு முன் எவ்வளவு படித்துப் பார்க்கலாம் என்பதை முதலில் வைக்கிறேன், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். அடுத்தது, அங்கே கிடைக்கிறவர் உண்மையிலேயே புதியவரா, இல்லை நாலு வருடமாக எல்லாரும் பேசி முடித்த பிறகு நம் காதுக்கு வருகிறவரா என்பது. மூன்றாவது, முழுச் செலவு. அட்டையில் போட்ட விலையோடு பஸ் டிக்கெட், தபால் செலவு, ஒரு நாள் விடுப்பு, வாங்கிப் படிக்காமல் அலமாரியில் கிடப்பவற்றின் காசு எல்லாம் சேர்ந்ததுதான் முழுச் செலவு. நான்காவது, நமக்கு முன்னால் யாராவது ஒரு ஆசிரியர் சலித்துக் கொடுத்திருக்கிறாரா என்பது. கடைசியாக, கட்டுரை நூல்களுக்கு அந்த வழி உதவுமா.

| வழி | முன்னால் படிக்கலாமா | எவ்வளவு புதியவர் | மறைந்திருக்கும் செலவு | கட்டுரை நூலுக்கு |
|---|---|---|---|---|
| புத்தகக் கண்காட்சி | கூட்டத்தில் கஷ்டம் | மிகப் புதியவரும் உண்டு | பயணம், படிக்காமல் கிடப்பவை | மிக நல்லது |
| இதழ்கள் | முழுக் கதையே படிக்கலாம் | நூலே வராதவர்கூடக் கிடைப்பார் | நேரம் | ஓரளவு |
| பொது நூலகம் | முழு நூலையும் | தாமதமாகத்தான் வருவார் | காத்திருப்பு | நல்லது |
| விருதுப் பட்டியல் | இல்லை | இரண்டு மூன்று வருடம் பின்னால் | பிரதி கிடைக்காமல் போவது | குறைவு |
| கிண்டில், செயலிகள் | மாதிரிப் பக்கம் உண்டு | மிகப் புதியவர் | சலிக்கும் வேலை நம்முடையது | குறைவு |

புத்தகக் கண்காட்சி

சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் 22 அரங்குகளோடு தொடங்கியது. இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஏறக்குறைய 900 அரங்குகள். பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் இந்தக் காட்சிக்காகவே தமிழில் ஒரு வருடத்தின் புதிய நூல்களில் பெரும் பங்கு டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரத்திலும் அச்சாகி வருகிறது. முதல் தொகுப்பு போடுகிற எழுத்தாளரின் நூல் மை காயாமல் மேசைக்கு வரும் இடம் இதுதான், பல நேரம் அவரே பக்கத்தில் நிற்பார். புதியவர்கள் என்ற கணக்கில் இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் அந்த அவசரத்துக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஜனவரிக்குள் வந்தாக வேண்டும் என்று ஓடி அச்சடித்த நூல்களில் மெய்ப்புப் பிழை கூடுதலாக இருக்கும். நான் வாங்கிய ஒரு முதல் நாவலில் பதினாறு பக்கம் இரண்டு முறை கட்டப்பட்டிருந்தது, அதற்கு ஈடாகப் பதினாறு பக்கம் காணாமலும் போயிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், நின்று படிக்க முடியாது என்பது. பொங்கல் விடுமுறையில் தோளோடு தோள் உரச நடக்கும்போது ஒரு கதையின் முதல் பத்தியைக்கூட மனதில் வாங்க முடியாது, அட்டையையும் பின்னட்டையில் யாரோ எழுதிய நாலு வரியையும் நம்பித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எழுத்தாளரே எதிரில் நின்றால் வைத்துவிட்டு வர மனசும் வராது. ஒரு வருடம் 14 புதிய புனைவு நூல்கள் வாங்கினேன், அடுத்த ஆடி வரை நாலுதான் படித்திருந்தேன். எல்லா அரங்கிலும் 10 சதவீதம் கழிவு உண்டு. படிக்காத ஒரு நூலின் விலை, பத்து நூலில் கிடைத்த கழிவைச் சாப்பிட்டுவிடும்.

கட்டுரை நூல்களுக்கு வந்தால் கதை அப்படியே மாறுகிறது. ஒரே பொருளில் ஐந்து நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. நான் செய்வது இதுதான். முதலில் கடைசிப் பக்கங்களைப் பார்ப்பேன், துணைநூல் பட்டியல் இருக்கிறதா, அதில் மூல ஆவணங்கள் இருக்கின்றனவா, இல்லை நாலு பிரபல நூல்களும் இணையச் சுட்டிகளும் மட்டுமா. அடுத்து சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல். தமிழில் சொல்லடைவு போடும் பதிப்பகங்கள் குறைவு, போட்டிருந்தால் அந்த நூலுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து உழைத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் முதல் பக்கங்களில் 'இந்தக் கட்டுரைகள் இன்ன இதழில் தொடராக வந்தவை' என்ற குறிப்பு உண்டா என்று பார்ப்பேன். தொடராக வந்தது குறையில்லை, ஆனால் வாரம் ஒரு முறை எழுதியதை அப்படியே கட்டி நூலாக்கும்போது ஒரே விஷயம் நாலு இடத்தில் திரும்ப வரும், அதைச் சீர் பண்ணியிருக்கிறார்களா என்று நடுவில் இரண்டு இடம் புரட்டினால் தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பாக இருந்தால் மூல நூலின் பெயரும் ஆண்டும் போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். இத்தனைக்கும் ஒரு நூலுக்கு மூன்று நிமிடம் போதும், கூட்டத்திலும் செய்யலாம்.

இன்னொரு விஷயம், பலர் எட்டிப் பார்க்காமல் கடந்து போகும் அரசு, நிறுவன அரங்குகள். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், தமிழ்நாடு பாடநூல் கழகம், நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்ய அகாதெமி மாதிரியான இடங்களில் கட்டுரை நூல்கள் வெளியில் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்குக் கிடைக்கும். விளம்பரம் இல்லாத ஆய்வாளர்கள் பலரை நான் அங்கேதான் முதலில் கண்டேன்.

மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் நல்ல விஷயம்தான். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-இலிருந்து நடத்துவது பெரிய சாதனை, மாலைச் சொற்பொழிவுக்கே ஊர் திரண்டு வருகிறது. ஆனால் லாரி வாடகை கொடுத்துச் சரக்கு ஏற்றி வரும் பதிப்பாளர் நிச்சயம் விற்கும் தலைப்புகளைத்தான் அதிகம் கொண்டுவருவார், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. முதல் நூல்காரர்கள் அந்தப் பெட்டிகளில் குறைவு. தம்பிக்கு நடந்தது இதுதான்.

இதழ்கள்

புனைவுக்கு என் ஓட்டு இதற்குத்தான், யோசிக்கவே வேண்டாம். தமிழில் புதிய எழுத்து எப்போதும் இந்த வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது. 1933-இல் மணிக்கொடி, 1959-இல் சி.சு. செல்லப்பாவின் எழுத்து, 1988-இல் தொடங்கிய காலச்சுவடு என்று வரிசையாகப் பாருங்கள். இன்று அச்சில் காலச்சுவடு, உயிர்மை போன்றவை இருக்கின்றன. இணையத்தில் 2009-லிருந்து வரும் சொல்வனம், மலேசியாவிலிருந்து வரும் வல்லினம், அப்புறம் அகழ், கனலி, பெண்கள் எழுத்துக்கென்று நீலி என்று பணம் கட்டாமலே படிக்க இவ்வளவு இருக்கிறது. இன்னும் ஒரு நூல்கூட வராதவரின் மூன்றாவது கதையை நீங்கள் இங்கே படிக்கலாம், அதுவும் முழுசாக, இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிடத்தில்.

நான் வைத்திருக்கும் முறை எளிது. ஒரு கதை பிடித்தால் அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு அதே ஆளின் இன்னும் இரண்டு கதைகளைத் தேடிப் படிப்பேன். மூன்றில் இரண்டு நன்றாக இருந்தால் தொகுப்பை வாங்குவேன். ஒரே ஒரு நல்ல கதை யாருக்கும் அமையும், மூன்று கதை படித்தால் அது அமைந்ததா அவர் அமைத்ததா என்று தெரிந்துவிடும். இப்படி வாங்கிய நூல்களில் படிக்காமல் கிடப்பது என் வீட்டில் அநேகமாக ஒன்றும் இல்லை.

செலவு இங்கே நேரம். வாரம் இரண்டு மூன்று மணி நேரம் இல்லாதவருக்கு இந்த வழி சரிப்படாது. இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ரசனை, ஒரு நட்பு வட்டம் உண்டு, சில இதழ்களைப் பதிப்பகங்களே நடத்துகின்றன. தங்கள் நூலுக்குத் தங்கள் இதழில் வரும் மதிப்புரையை அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத மூன்று இதழ்களைப் படித்தால் இந்தச் சாய்வு பெருமளவு தானாகச் சரியாகிவிடும். மூன்றிலும் ஒரு பெயர் அடிபட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கட்டுரை நூல்களுக்கு இதழ்கள் பாதி வழிதான். பண்பாடு, இலக்கியம், சமூக வரலாறு எழுதும் புதியவர்கள் கிடைப்பார்கள். மருத்துவம், இயற்பியல், பொருளாதாரம் எழுதுகிறவர்கள் அரிது. எட்டுப் பக்கக் கட்டுரையை அருமையாக எழுதுகிறவரால் 250 பக்க நூலைத் தாங்க முடியும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

பொது நூலகம்

தமிழ்நாட்டில் வீடு வைத்திருப்பவர்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள், 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்திலிருந்து தொடங்கிய ஏற்பாடு இது. மாநிலம் முழுக்க 4,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. கிளை நூலகத்தில் உறுப்பினராக ஆகும் செலவு ஒரு டீ, வடைக் கணக்கு. முழு நூலையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, பிடித்தால் வாங்கலாம். என் முதல் அளவுகோலில் இதை யாரும் முந்த முடியாது.

தாமதம்தான் இதன் விலை. அரசின் நூலக ஆணை வழியாக நூல் தேர்வாகி, கொள்முதலாகி, உங்கள் தெருக் கிளைக்கு வந்து அடுக்கில் ஏறுவதற்குள் அந்த எழுத்தாளர் இரண்டாவது நூல் போட்டிருப்பார். ஆகவே 'இப்போது யார் வருகிறார்கள்' என்ற கேள்விக்கு நூல் அடுக்கில் பதில் கிடைக்காது. ஆனால் வாசிப்பு மேசையில் கிடக்கும் இதழ்களைப் பாருங்கள். எங்கள் பகுதிக் கிளையில் மூன்று இலக்கிய இதழ்கள் வருகின்றன, பெரும்பாலும் நான்தான் முதலில் பிரிக்கிறேன். மேலே சொன்ன இதழ் வழியைச் சந்தா இல்லாமல் நடத்த இது ஒரு நல்ல வாசல்.

கட்டுரை நூல் தேடுகிறவர் பெரிய நூலகங்களுக்குப் போக வேண்டும். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் ஒரு துறையின் அடுக்கு முன்னால் அரை நாள் உட்கார்ந்தால் அந்தத் துறையில் தமிழில் யார் உழைத்திருக்கிறார்கள் என்ற படம் கிடைத்துவிடும். 1896-இல் திறந்த எழும்பூர் கன்னிமாரா, 1954-இன் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அச்சில் இல்லாமல் போன நூலைத் தேடும்போது இது கைகொடுக்கும். ஈழத்து எழுத்தாளர்களைத் தேடுகிறவர்களுக்கு 2005-இலிருந்து இயங்கும் நூலகம் என்ற இணைய நூலகம் பெரிய கொடை. அங்கே அச்சாகும் பல நூல்கள் இங்கே கடைக்கு வருவதே இல்லை, அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

விருதுப் பட்டியல்

சாகித்ய அகாதெமியின் இளையோர் விருதான யுவ புரஸ்கார் 2011-இலிருந்து கொடுக்கப்படுகிறது, 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். 2018-இல் சுனீல் கிருஷ்ணன், 2023-இல் ராம் தங்கம், 2024-இல் லோகேஷ் ரகுராமன் என்று சிறுகதைக்காரர்கள் பலர் இந்தப் பட்டியல் வழியாகத்தான் பொது வாசகர் கண்ணுக்கு வந்தார்கள். கவிதையில் இளையவர்களைத் தேட 2017-இல் தொடங்கிய குமரகுருபரன் - விஷ்ணுபுரம் விருதைக் கவனியுங்கள். நேரமே இல்லை, வருடத்துக்கு நாலு புத்தகம்தான் படிப்பேன் என்பவருக்கு இதுதான் சரி. யாருக்காவது பரிசளிக்க வாங்குகிறவருக்கும் இதுதான்.

இதழில் ஒருவரை நீங்கள் படித்து மூன்று வருடம் கழித்துத்தான் விருது வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விருது அறிவித்த வாரத்தில் பிரதி கிடைக்காமல் அலைவதும் வழக்கம், ஏனென்றால் புதியவரின் முதல் பதிப்பு இப்போதெல்லாம் 300, 500 பிரதிதான் அடிக்கப்படுகிறது. கட்டுரை நூல்களுக்கு இந்த வழி ரொம்பவும் பலவீனம், இளையோர் விருது பெரும்பாலும் கதைக்கும் கவிதைக்கும்தான் போகிறது. அகாதெமியின் முதன்மை விருது 2024-இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் வ.உ.சி. பற்றிய ஆய்வு நூலுக்குக் கிடைத்தபோது மனசு நிறைந்தது, ஆனால் அவர் முப்பது வருடத்துக்கும் மேலாக எழுதுகிறவர்.

கிண்டிலும் கதைச் செயலிகளும்

2016 கடைசியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் வந்தது. அதற்குப் பின் யாரிடமும் கைகட்டி நிற்காமல் தன் நூலைத் தானே வெளியிடலாம் என்ற கதவு திறந்தது, பிரதிலிபி போன்ற செயலிகள் அதை இன்னும் அகலமாகத் திறந்தன. சிறு ஊர்களில் இருந்துகொண்டு, வீட்டு வேலை முடித்து இரவில் போனிலேயே தொடர்கதை எழுதும் பெண்கள் அங்கே நிறையப் பேர், அவர்களில் சிலர் அச்சு உலகம் இன்னும் கவனிக்காத வாழ்க்கையை எழுதுகிறார்கள். அந்த மதிப்பை நான் குறைக்க மாட்டேன்.

இருந்தாலும் ஆசிரியர் என்று நடுவில் ஒருவர் இல்லாததால் சலிக்கும் வேலை முழுக்க நம் தலையில் விழுகிறது. நட்சத்திர மதிப்பீடு பெரிய உதவி இல்லை, தொடர் வாசகர்கள் அன்பில் ஐந்து கொடுத்துவிடுவார்கள். கிண்டிலின் இலவச மாதிரிப் பக்கங்களைப் படிப்பதுதான் ஒரே வழி, அதற்குத் தனிக் கருவியும் வேண்டாம், போனில் செயலி போதும். மாதச் சந்தாவில் எடுத்த நூல்கள் சந்தாவை நிறுத்தியதும் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சிறு பதிப்பகங்களின் நல்ல கட்டுரை நூல்கள் பல மின்னூலாக வருவதே இல்லை.

துபாய் நண்பருக்கு மட்டும் நான் யோசிக்காமல் கிண்டில் என்றுதான் சொன்னேன். வெளிநாட்டுக்குத் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். இணைய இதழில் பெயரைப் பிடித்து, மின்னூல் இருந்தால் அங்கே வாங்குவதும், இல்லாததை ஊருக்கு வரும்போது சேர்த்து வாங்குவதும் அவருக்குப் பொருந்தும்.

கடைக்காரர், யூடியூப், வாசகர் வட்டம்

நல்ல புத்தகக் கடைக்காரர் ஒருவர் பழக்கமானால் அது அதிர்ஷ்டம். உங்கள் கடைசி ஐந்து புத்தகத்தைச் சொல்லுங்கள், ஆறாவதை அவர் எடுத்து நீட்டுவார். ஊரில் அப்படிக் கடை இல்லாதவர் தபாலில் வாங்குவார், ஆனால் ஒரே ஒரு புத்தகத்தைத் தனியாக வரவழைத்தால் தபால் செலவு உறைக்கும், நாலைந்தாகச் சேர்த்து வாங்குங்கள். யூடியூபில் பேசுகிறவர்களில் நான் பார்த்தவரை ஒரே பத்து நூல்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, புதியவருக்கு அங்கே இடம் குறைவு. வாசகர் வட்டக் கூட்டங்கள் மேல். டிசம்பரில் கோவையில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய விழாவில் புதிய எழுத்தாளர்களோடு நேரடியாக உரையாடும் அமர்வுகள் உண்டு, கோவைக்காரன் அதைத் தவறவிடக் கூடாது.

தம்பிக்குச் சொன்னது

கிண்டில் கருவி இப்போதைக்கு வேண்டாம் என்றேன். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை புனைவு எதுவும் வாங்காமல் இரண்டு இணைய இதழும் கிளை நூலகத்தில் கிடைக்கும் ஒரு அச்சிதழும் படிக்கச் சொன்னேன். மிச்சமாகும் 3,000 ரூபாயோடு ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய ஒரு வார நாளில், சென்னைக்கு வரச் சொன்னேன். புனைவுக்கு நோட்டில் இருக்கும் ஐந்து பெயர்களை மட்டும் வாங்குவது, மீதிப் பணத்தை முழுக்கக் கட்டுரை நூல்களுக்கு வைத்துக்கொண்டு அங்கேயே புரட்டிப் பார்த்துத் தேர்வு செய்வது என்பது ஏற்பாடு. பஸ் செலவு தனி, இரவு என் வீட்டில் தங்கிக்கொள்வான்.

போன வாரம் அவன் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். ஏழு பெயர், அதில் மூன்றை அவனே அடித்துவிட்டிருக்கிறான், இரண்டாவது கதை சரியில்லையாம். மீதி நாலில் இரண்டு பேரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இன்று காலை அதில் ஒருவரின் கதையைத் தேடிப் படித்துவிட்டு என் நோட்டிலும் அந்தப் பெயரை எழுதிவைத்தேன்.